சிக்கிம் - மலை சொல்லும் பாடம்



நம்ம ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் 'ஹிமாலயன்' என்ற பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள் 2016-லிருந்து தயாராகி வருகிறது. அதை அசெம்பிள் செய்யும் லைனில் நம்ம சீனியர் அண்ணன்கள் பலர் வேலை பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த வண்டி எந்த மலைக்காகச் செய்யப்பட்டதோ, அந்த மலையைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கேட்டால் "ஊட்டி போயிருக்கேன், ஏற்காடு போயிருக்கேன்" என்றுதான் பதில் வரும்.

அதனால்தான் இந்த மலரில் இமயமலையில் இருக்கும் ஒரு சின்ன பௌத்த நாட்டைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன். அது இப்போது தனி நாடு இல்லை. 1975-ஆம் ஆண்டு வரை தனி அரசாக இருந்து, இன்று நம் இந்தியாவின் ஒரு மாநிலமாக இருக்கிற சிக்கிம்தான் அது. அழகான ஊர் என்பதற்காக மட்டும் எழுதவில்லை. மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என எந்தப் பிரிவில் படித்தாலும், நமக்கு அங்கே ஒரு பெரிய பாடம் இருக்கிறது.

ஒரு பார்வையில் சிக்கிம்

பரப்பளவு 7,096 சதுர கிலோமீட்டர். 2011 கணக்குப்படி மக்கள் தொகை 6 லட்சத்துக்குச் சற்று மேல். மேற்கே நேபாளம், வடக்கே திபெத், கிழக்கே பூட்டான், தெற்கே மேற்கு வங்காளம். தலைநகர் காங்டாக். மொத்த மாநிலத்துக்கும் முதுகெலும்பு மாதிரி ஓடுவது தீஸ்தா ஆறு.

இந்தச் சின்ன இடத்துக்குள் தரை சுமார் 300 மீட்டர் உயரத்தில் தொடங்கி 8,586 மீட்டர் வரை ஏறுகிறது. அந்த 8,586 மீட்டர்தான் காஞ்சன்ஜங்கா சிகரம், உலகத்தில் மூன்றாவது உயரமானது. கீழே வாழையும் பெரிய ஏலக்காயும் விளையும். அதே மாநிலத்தில் மேலே வருஷம் முழுக்கப் பனி. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்ற ஒரே கணக்கை வைத்துக்கொண்டே இதைப் புரிந்துகொள்ளலாம்.

மக்கள் மூன்று வகை. ஆதியில் இருந்தவர்கள் லெப்சாக்கள். திபெத்திலிருந்து வந்தவர்கள் பூட்டியாக்கள். பிற்பாடு பெருமளவில் வந்து, இன்று எண்ணிக்கையில் அதிகமாக இருப்பவர்கள் நேபாளி மொழி பேசுபவர்கள். லெப்சா மொழிக்குத் தனி எழுத்தே உண்டு. நாட்டின் அடையாளம் பௌத்தமாக இருந்தாலும், இன்று பௌத்தர்கள் மக்கள் தொகையில் கால் பங்குக்குச் சற்று மேல்தான். பெரும்பான்மையோர் இந்துக்கள். ஒரே தெருவில் தசராவும் கொண்டாடுவார்கள், லோசூங் என்ற பௌத்தப் புத்தாண்டும் கொண்டாடுவார்கள்.

நாடு மாநிலமான கதை

1642-ல் மேற்கு சிக்கிமில் யுக்சம் என்ற இடத்தில் மூன்று லாமாக்கள் கூடி, புன்ட்சோக் நாம்கியால் என்பவருக்கு முடிசூட்டினார்கள். அரசருக்கு 'சோக்யால்' என்று பட்டம். தர்மத்தின்படி ஆளும் அரசர் என்று பொருள். 'யுக்சம்' என்ற சொல்லுக்கே மூன்று லாமாக்கள் சந்தித்த இடம் என்றுதான் அர்த்தம் சொல்கிறார்கள்.

1861-ல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை ஏற்பட்டது. 1950-ல் சுதந்திர இந்தியாவோடு உடன்படிக்கை; அதன்படி பாதுகாப்பும் வெளியுறவும் இந்தியாவிடம் வந்தன. 1970-களில் அரசருக்கு எதிராக மக்கள் கிளர்ச்சி. 1975 ஏப்ரலில் வாக்கெடுப்பு. மே 16-ஆம் தேதி சிக்கிம் இந்தியாவின் 22-வது மாநிலம் ஆனது. இந்த இணைப்பு நடந்த விதம் பற்றி இன்றைக்கும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் ராஜாவின் காலத்துப் பழக்கவழக்கங்கள், நிலத்தைப் பற்றிய நம்பிக்கைகள் எல்லாம் மறைந்து போகவில்லை. அதுதான் நமக்கு முக்கியம்.

காஞ்சிக்கும் காங்டாக்குக்கும் என்ன சம்பந்தம்?

"எங்கேயோ இருக்கிற பௌத்தம், நமக்கு என்னப்பா?" என்று கேட்காதீர்கள். நமக்குப் பக்கத்திலே இருக்கிற காஞ்சிபுரம் ஒரு காலத்தில் பெரிய பௌத்த நகரம். மணிமேகலை துறவு பூண்டு தவம் செய்ததாகக் காப்பியம் சொல்வது காஞ்சியில்தான். ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் காஞ்சியைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். பௌத்தத் தர்க்க சாஸ்திரத்துக்கு அடிப்படை போட்ட திங்நாகர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது மரபு.

அந்தத் திங்நாகரின் தலையாய நூல் சமஸ்கிருதத்தில் முழுதாக நம் கைக்கு வந்து சேரவில்லை. திபெத்திய மொழிபெயர்ப்பில்தான் முழுதாகக் காப்பாற்றப்பட்டது. நம்ம ஊர்ப் பக்கத்தில் தோன்றியதை, நாம் மறந்த பிறகும், மலை மேல் மடாலயங்களில் துணியில் சுற்றி வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். இந்த மாதிரி திபெத்திய நூல்களையும் ஓலைகளையும் சேர்த்து வைப்பதற்காகவே காங்டாக்கில் ஒரு திபெத்தியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1958-ல் அதைத் திறந்து வைத்தவர் பிரதமர் நேரு.

உச்சிக்குச் சில அடி முன்னே

சிக்கிம் மக்களுக்குக் காஞ்சன்ஜங்கா வெறும் மலை இல்லை, காவல் தெய்வம். அந்தப் பெயருக்கு 'பனியின் ஐந்து புதையல்கள்' என்று பொருள் சொல்வார்கள். உப்பு, பொன்னும் மணியும், புனித நூல்கள், ஆயுதங்கள், தானியமும் மருந்தும் என ஐந்தையும் மலை தனக்குள்ளே ஒளித்து வைத்திருக்கிறதாம். வருஷத்துக்கு ஒரு முறை 'பாங் லாப்சோல்' என்ற விழாவில் மலைக்கு நன்றி சொல்லி, முகமூடி அணிந்து ஆடுவார்கள். லெப்சாக்களும் பூட்டியாக்களும் சகோதரர்களாக இருப்போம் என்று மலையைச் சாட்சி வைத்துச் சத்தியம் செய்துகொண்ட நாளின் நினைவும் அதே விழாதான்.

1955 மே 25-ஆம் தேதி ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் இந்தச் சிகரத்தை முதன்முதலாக எட்டினார்கள். ஆனால் உச்சியில் கால் வைக்கவில்லை. உச்சியை மிதிக்க மாட்டோம் என்று சிக்கிம் அரசருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்காகச் சில அடி கீழேயே நின்று, திரும்பி வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பல குழுக்களும் அந்த வழக்கத்தைக் கடைப்பிடித்தன. 2001-ல் புனிதச் சிகரங்கள் மீது ஏறுவதற்கே சிக்கிம் அரசு தடை போட்டது.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஏற முடியும், பலம் இருக்கிறது, இன்னும் நாலு அடிதான். ஆனாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். நம்ம ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் இதற்கு என்ன பெயர்? ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி! மைல்டு ஸ்டீல் கம்பி 250 மெகாபாஸ்கல் வரை தாங்கும் என்றால், நாம் 250 ஏற்றுவதில்லை. 2.5-ஆல் வகுத்து 100-லேயே நிறுத்திக்கொள்கிறோம். நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கலாம் என்ற அடக்கம்தான் அதற்குக் காரணம். மலைக்காரர்கள் அதையே தெய்வம் என்ற பெயரில் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மேலே போகப் போக...

வடக்கு சிக்கிமில் 17,000 அடிக்கு மேல் குருதோங்மார் என்றொரு ஏரி. அங்கே காற்றழுத்தம் நம்ம ஊரில் இருப்பதில் பாதிதான். இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும். தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் பருப்பு வேகாது. பிரஷர் குக்கரின் அருமை அங்கேதான் தெரியும்.

மனுஷனுக்கு மட்டும் இல்லை, இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும். டர்போ இல்லாத இன்ஜின், 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 10 சதவீதம் பவரை இழக்கும். கார்புரேட்டர் வண்டி என்றால், காற்று குறைந்தும் பெட்ரோல் அதே அளவு போவதால் கரும்புகை கக்கும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்து பெட்ரோலைக் குறைத்துக்கொடுக்கும். புத்தகத்தில் படித்த ஏர் - ஃபியூயல் ரேஷியோ அங்கே கண் முன்னாலே நடக்கும்.

இயற்கையைக் காப்பதிலும் சிக்கிம் முன்னோடி. 1998-லேயே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2016-ல் முழு மாநிலமும் ரசாயன உரம் இல்லாத இயற்கை விவசாய மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. அதே 2016-ல் காஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. இயற்கை, பண்பாடு இரண்டுக்கும் சேர்த்து அந்தப் பெருமை பெற்ற முதல் இந்திய இடம் அதுதான். சிவப்புப் பாண்டாவும் பனிச்சிறுத்தையும் அங்கே வாழ்கின்றன.

ஆனால் சிக்கிம் தொழிலே இல்லாத ஊர் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் தயாரித்த இடம் 'சிக்கிம்' என்று போட்டிருக்கும். மருந்துத் தொழிற்சாலைகள் அங்கே ஏராளம். இன்னொரு பெரிய தொழிலும் உண்டு. அது மின்சாரம்.

ஆறும் மின்சாரமும்

தீஸ்தா மேலேயிருந்து விழுந்து ஓடி வரும் ஆறு. ஹெட் அதிகம், தண்ணீரும் அதிகம். டர்பைன் வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதனால் ஆற்றின் மீது வரிசையாக நீர்மின் திட்டங்கள் வந்தன.

மக்கள் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. யுக்சம் அருகே ராதோங் சூ என்ற ஆற்றில் வரவிருந்த திட்டத்தை, அது புனித பூமி என்று லாமாக்களும் மக்களும் எதிர்த்தார்கள். 1997-ல் மாநில அரசு அந்தத் திட்டத்தையே கைவிட்டது. 2007-ல் ஜோங்கு பகுதி லெப்சா இளைஞர்கள் காங்டாக்கில் நீண்ட உண்ணாவிரதம் இருந்தார்கள். ஜோங்குவில் சில திட்டங்கள் நின்றன. ஆனால் சுங்தாங் என்ற இடத்தில் 60 மீட்டர் உயர அணையோடு, 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் கட்டத் திட்டம் கட்டி முடிக்கப்பட்டு, 2017-ல் ஓடத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 200 மெகாவாட் வீதம் ஆறு யூனிட்டுகள்.

2023 அக்டோபர் 3, இரவு

சுங்தாங்குக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலே, சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் தெற்கு லோனாக் என்று ஒரு ஏரி. பனியாறு உருகி உருவான ஏரி. பூமி சூடாகச் சூடாகப் பனி உருகி, ஏரி வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதற்குக் கரை, பனியாறு தள்ளி வைத்த மண்ணும் கல்லும்தான். சிமென்ட் இல்லை, கல் கட்டு இல்லை. இது ஒரு நாள் உடையலாம் என்று பத்து வருஷத்துக்கு முன்பிருந்தே ஆய்வாளர்கள் எச்சரித்து வந்தார்கள்.

அன்றைய இரவு ஏரியின் பக்கவாட்டு மண்சரிவு அப்படியே தண்ணீருக்குள் விழுந்தது. எழுந்த அலை கரையை உடைத்தது. செப்டம்பர் 28-ல் சுமார் 167 ஹெக்டேர் இருந்த ஏரி, அக்டோபர் 4-ல் சுமார் 60 ஹெக்டேராகச் சுருங்கிக் கிடந்ததை இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. வெளியேறிய தண்ணீர் ஏறக்குறைய 5 கோடி கன மீட்டர். நம்ம செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 10 கோடி கன மீட்டர். அதில் பாதித் தண்ணீர், ஒரே இரவில், மலை மேலிருந்து கீழே விழுந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

சுமார் இரண்டு மணி நேரத்தில் வெள்ளம் சுங்தாங்கை அடைந்தது. அணையின் மதகுகளைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைக்க அவகாசம் போதவில்லை. தண்ணீர் அணையின் மேலே ஏறியது. அணை அடித்துச் செல்லப்பட்டது. அதில் தேங்கியிருந்த தண்ணீரும் வெள்ளத்தோடு சேர்ந்துகொண்டது. பாலங்கள், ரோடுகள், வீடுகள், ராணுவ முகாம் எல்லாம் போயின. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து நூறு பேருக்கு மேல். திரும்பி வராதவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

நாம் படிக்க வேண்டிய மூன்று பாடங்கள்

*முதல் பாடம் - கலங்கல்.* சுங்தாங் அணை, கல்லை நிரப்பி முகப்பில் மட்டும் கான்கிரீட் போட்ட வகை. அந்த வகை அணை தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் பின்பக்கக் கல்லை அரித்துக்கொண்டு போய்விடும். இதைப் புரிந்துகொள்ள இமயமலை போக வேண்டாம். நம்ம ஊர் ஏரிக்கரையில் நிற்கிற எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்: "கரை மேல தண்ணி ஏறுச்சுன்னா கரை நிக்காது தம்பி." அதற்காகத்தானே ஒவ்வொரு ஏரியிலும் கலங்கல் கட்டி வைத்தார்கள். நிறைய தண்ணீர் வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனாலும் கலங்கலை உயர்த்த ஊர் சம்மதிக்காது. இதுவும் உச்சிக்குச் சில அடி முன்னே நிற்பதுதான். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டபோது அடையாற்றுக் கரையில் என்ன நடந்தது என்று நம்ம பகுதிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீருக்கு அதன் பாதையை ஒதுக்கி வைக்காவிட்டால் மலையானாலும் சமவெளியானாலும் ஒரே கதிதான்.

*இரண்டாம் பாடம் - சைபன்.* 2016-ல் தெற்கு லோனாக் ஏரியின் மட்டத்தைக் குறைக்க, லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக்கும் சிக்கிம் அரசுக் குழுவினரும் மேலே போய், மூன்று 8 அங்குல ஹெச்.டி.பி.இ. குழாய்களைப் போட்டு சைபன் முறையில் தண்ணீரை வெளியேற்றினார்கள். மோட்டார் இல்லை, டீசல் இல்லை. துணிச்சலான வேலை. இதை வைத்து ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கணக்கு ஒன்று போடலாம். கடல் மட்டத்தில் சைபன் கோட்பாட்டளவில் 10.3 மீட்டர் மேடு வரை தாண்டும். 5,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதி என்பதால் மேடு 5 மீட்டர் அளவுக்குள் இருக்க வேண்டும். இன்னொரு கணக்கு: வெளியேறியது நொடிக்குச் சுமார் 150 லிட்டர், நாளைக்கு 12,960 கன மீட்டர். 5 கோடி கன மீட்டரை இப்படி இறைக்க 3,858 நாள், அதாவது பத்து வருஷத்துக்கு மேல். புதிதாக உருகி வரும் தண்ணீரைச் சேர்க்காமலே! ஏரியின் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கத்தான் அந்தக் குழாய்கள். முழு ஆபத்துக்கும் அவை மருந்தாக முடியாது. ஒரு தீர்வு சரியா என்று கேட்பதோடு, அது பிரச்சினையின் அளவுக்குப் போதுமா என்றும் கேட்க வேண்டும்.

*மூன்றாம் பாடம் - மின்சப்ளை.* இதுதான் மனசை ரொம்ப உறுத்துவது. வெள்ளம் வருவதற்குச் சில வாரங்கள் முன், 2023 செப்டம்பரில், அந்த ஏரிக்கரையில் கண்காணிப்புக் கேமராவும் வானிலைக் கருவியும் வைத்தார்கள். முழு எச்சரிக்கை அமைப்புக்கு அது முதல் படி. வானிலைக் கருவி ஆரம்பத்தில் தகவல் அனுப்பியது. செப்டம்பர் கடைசியில் அதற்கு மின்சப்ளை போய்விட்டது. அக்டோபர் 3 இரவு மேலேயிருந்து எதுவும் பேசவில்லை. பவர் சப்ளை, பேட்டரி, கனெக்டர், குளிரில் செல்லின் திறன் குறைவது... இதெல்லாம் பி.ஹெச்.டி. விஷயமா? டிப்ளமோ படிக்கும் நம்ம கை வேலை இல்லையா? பெரிய விஞ்ஞானி எச்சரிக்கை சொல்வார். ஆனால் அந்த எச்சரிக்கை ஊர் வரை வந்து சேர்வது ஒரு டெக்னீஷியனின் சால்டரிங்கிலும் மெயின்டெனன்ஸிலும்தான் இருக்கிறது. "சின்ன வேலைதானே" என்று எதையும் நாம் நினைக்கக் கூடாது.

2025 ஜனவரியில், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு சுங்தாங்கில் முன்னைவிட உயரமான கான்கிரீட் அணையை மறுபடியும் கட்டலாம் என்று பரிந்துரைத்தது. உள்ளூர் மக்கள் பலர் எதிர்த்தார்கள். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதும் நியாயம். ஆற்றங்கரையில் தூங்குகிறவனின் பயமும் நியாயம். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு

சென்னையிலிருந்து நியூ ஜல்பைகுரிக்கு நேரடி ரயில் உண்டு. ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். அங்கிருந்து ஷேர் ஜீப்பில் தீஸ்தா கரையோரமாகவே காங்டாக்குக்கு 4 முதல் 5 மணி நேரம். மார்ச் முதல் மே வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் நல்ல காலம். மழைக்காலத்தில் மண்சரிவு, ரோடு எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. நாதுலா கணவாய், சாங்கு ஏரி, வடக்கு சிக்கிம் போக அனுமதிச் சீட்டு வேண்டும். வோட்டர் ஐ.டி. போன்ற அடையாள அட்டையும் போட்டோவும் கையில் இருக்கட்டும். உயரமான இடத்துக்கு ஒரே நாளில் ஏறாமல், காங்டாக்கில் ஓர் இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள். ரும்டெக் மடாலயம், பெமயாங்சே மடாலயம், யுக்சம் மூன்றையும் விடாதீர்கள். மடாலயத்தில் பிரார்த்தனைச் சக்கரங்களை வலமாகச் சுற்றி வர வேண்டும். சூடான மோமோவும் துக்பாவும் கிடைக்கும், சாம்பார் கேட்காதீர்கள்! தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பாட்டில் குடிநீருக்கு அங்கே 2022 முதல் தடை.

முடிவாக...

நண்பர்களே! படிப்பு முடிந்து நாம் எல்லோரும் ஏதோ ஒரு தொழிற்சாலையிலோ, சைட்டிலோ, சப்-ஸ்டேஷனிலோ நிற்கப் போகிறோம். "இன்னும் கொஞ்சம் லோடு ஏத்து", "இன்னும் கொஞ்சம் உயர்த்து", "அலாரத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்று யாராவது சொல்லும் நேரம் கட்டாயம் வரும். அப்போது காஞ்சன்ஜங்காவின் உச்சிக்குச் சில அடி கீழே நின்று திரும்பிய அந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தோற்றுப்போய்த் திரும்பவில்லை. உயிரோடு, வாக்குத் தவறாமல், ஜெயித்துத்தான் திரும்பினார்கள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவனே நல்ல தொழில்நுட்பக்காரன். இதைச் சொல்லித் தர மலை காத்திருக்கிறது. ஒரு முறை போய்ப் பார்த்து வாருங்கள்!